வாக்குத்தத்த அட்டையில் ‘புருஷராயிருங்கள்’

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 203ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில், கிறிஸ்தவள் என்பதற்காகச் சிறையில் இருந்த பெர்பெத்துவா என்ற இளம்பெண்ணைப் பற்றி நாலு வரி சேர்த்திருந்தேன். சாவதற்கு முந்தின நாள் கண்ட கனவில் ‘நான் ஆணாகிவிட்டேன்’ என்று அவள் எழுதிவைத்ததையும் சொல்லியிருந்தேன். அதுதான் வினை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் அந்த ஒரு வரியைப் பற்றியே. 28 வருஷம் சபைச் சரித்திரப் பாடம் நடத்தியவள் நான். வகுப்பில் ஒரு பிள்ளைகூட இவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில்லை. ஆகவே மற்றக் கடிதக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரம்மா, வருஷப்பிறப்பு ஆராதனையில், வேதவசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். ‘விழித்திருங்கள், விசுவாசத்திலே நிலைத்திருங்கள், புருஷராயிருங்கள், திடன்கொள்ளுங்கள்’ என்று வந்தது. எனக்கு வயது 68. என் வீட்டுக்காரர் காலமாகி ஒன்பது வருஷம். பேரப்பிள்ளைகள், ‘ஆச்சி, நாளையிலிருந்து வேட்டி கட்டிக்கோ’ என்று சிரிக்கிறார்கள். வேறு அட்டை எடுக்கலாமா என்று எங்கள் சபை ஐயர்வாளிடம் கேட்டேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.
– ஒரு வாசகி, சாத்தான்குளம்

மாற்றாதீர்கள். எனக்கு அந்த அட்டை வந்திருந்தால் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பேன்.

அது கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம், 16ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். பவுல் கிரேக்கத்தில் எழுதியது ஒரே சொல்: ‘அந்த்ரிஸெஸ்தே’. ‘அனேர்’ என்றால் ஆண். அதிலிருந்து வந்த ‘அந்த்ரேயா’ என்றால் துணிவு. லத்தீனிலும் இதே கதைதான். ‘வீர்’ என்றால் ஆண். நற்குணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் வைத்த பெயர் ‘வீர்த்தூஸ்’. (நம் ‘வீரன்’ வடமொழி வழியாக அந்த ‘வீர்’ருக்குத் தூரத்துச் சொந்தம்.) பழைய தமிழ் மொழிபெயர்ப்பு வேரைப் பிடித்துக்கொண்டு ‘புருஷராயிருங்கள்’ என்றது. பொது மொழிபெயர்ப்பு பொருளைப் பிடித்துக்கொண்டு ‘துணிவு’ என்று போட்டது. இரண்டும் சரிதான். ஆனால் பழையதில்தான் அந்தக் காலத்துச் சிக்கல் அப்படியே தெரிகிறது. ஒருவரைத் தைரியசாலி என்று சொல்ல அவர்களிடம் இருந்த சொல்லே ‘ஆண்’ என்பதுதான்.

நாம் மட்டும் என்னவாம்? அவர்கள் போன பிறகு நீங்கள் வீட்டைத் தூக்கி நிறுத்தியிருப்பீர்கள். உடனே ஊர் என்ன சொல்லியிருக்கும்? ‘ஆம்பள மாதிரில்லா சமாளிச்சா!’ அதைப் புகழ்ச்சி என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

அட்டை உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க ஒரு கிழவரைக் காட்டுகிறேன். சிமிர்னா பட்டணத்துப் பேராயர் பொலிக்கார்ப்பு. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் அவரைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது மாடியில் இருந்தார். இறங்கி வந்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டு இரண்டு மணி நேரம் ஜெபித்தார். வழியில் வண்டியிலிருந்து இறக்கித் தள்ளியதில் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. ஒன்றும் நடக்காததுபோல விறுவிறுவென்று நடந்தார். அரங்கத்துக்குள் நுழையும்போது வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டதாம்: ‘திடன்கொள், பொலிக்கார்ப்பே, ஆணாயிரு!’ உங்கள் அட்டையில் இருக்கிற அதே வினைச்சொல். கிறிஸ்துவைத் தூஷித்தால் விட்டுவிடுகிறேன் என்றான் அதிகாரி. ‘86 வருஷம் அவருக்கு ஊழியம் செய்தேன், எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே’ என்றார் இவர்.

அந்த வயதில் அவரிடம் புஜபலம் ஏது? ரோமர்களுடைய ஆண்மை அடக்கி ஆள்வது: அடிமையை, மனைவியை, தோற்ற நாட்டை. தன்னை அடக்குவதும் அதில் உண்டுதான். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டது பெரிய இடத்துத் தத்துவ ஆசிரியர்கள். கிறிஸ்தவர்கள் அந்தக் கடைசித் துண்டை மட்டும் பிய்த்து எடுத்து, இதுதான் முழு ஆண்மை என்று ஊரறியச் சொன்னார்கள். நமக்கு இது புதிதில்லை. பிறன்மனை நோக்காததைப் ‘பேராண்மை’ என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். அடக்குகிறவனை விட்டுவிட்டு, அடங்கினவனுக்கு அந்தச் சொல்லைத் தூக்கிக் கொடுத்தார். தமிழில் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. ‘ஆள்’ என்பதோடு ‘மை’ சேர்ந்தாலும் ஆண்மைதான். வேளாண்மை, தாளாண்மை எல்லாம் அப்படி வந்தவை. ஆளத் தெரிந்தவர் யாராயிருந்தாலும் அவருக்கு அது உண்டு.

வேட்டியெல்லாம் வேண்டாம் ஆச்சி. அட்டை உங்களுக்கு வந்ததுதான்.

பெர்பெத்துவா ‘ஆணாகிவிட்டேன்’ என்று எழுதினாள் என்கிறீர்கள். ஒரு பெண் பெண்ணாகவே இருந்து சாட்சியாக மரிக்க முடியாதா? படித்ததிலிருந்து மனசு உறுத்துகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்

எனக்கும் முதலில் உறுத்தியது சார். அந்தக் குறிப்பை முழுசாகப் படித்த பிறகு உறுத்தல் வேறு பக்கம் போய்விட்டது.

அவளுக்கு வயது 22 போல. நல்ல குடும்பம், படித்தவள், கைக்குழந்தைக்காரி. பிள்ளை பாலில்லாமல் வாடுகிறதே என்று சிறையில் தவிக்கிறாள். பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், ‘சிறை எனக்கு அரண்மனை ஆகிவிட்டது’ என்று எழுதுகிறாள். பிறகு அவளுடைய தகப்பனார் பிள்ளையைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். அதோடு பிள்ளைக்கும் பால் தேடவில்லை, தனக்கும் மார்பு கட்டிக்கொள்ளவில்லை. அது கடவுள் செய்த உபகாரம் என்கிறாள். பால் கட்டினால் என்ன வேதனை என்று அறிந்த கை எழுதின வரி அது. அந்தக் காலத்துக் கிறிஸ்தவ எழுத்துகளில் வேறெங்கும் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அதே கைதான் கனவையும் எழுதியது. பொம்போனியுஸ் என்ற சபை உதவிக்காரர் வந்து சிறைக்கதவைத் தட்டுகிறார். கையைப் பிடித்துக் கரடுமுரடான பாதை வழியாக அரங்கத்துக்கு அழைத்துப் போகிறார். மிருகங்களைக் காணோம். பார்க்கவே அருவருப்பான ஓர் எகிப்தியன் நிற்கிறான். இவள் பக்கத்து வாலிபர்கள் உடையைக் களைகிறார்கள், ‘நான் ஆணாகிவிட்டேன்’. மல்லருக்குத் தேய்ப்பதுபோல எண்ணெய் தேய்க்கிறார்கள். எதிராளி புழுதியில் புரள்கிறான். அப்புறம் குஸ்தி. அவன் இவள் காலைப் பிடிக்கப் பார்க்க, இவள் குதிகாலால் அவன் முகத்தில் உதைக்கிறாள். விரல்களைக் கோத்து அவன் தலையைப் பிடிக்கிறாள். அவன் குப்புற விழ, தலைமேல் மிதிக்கிறாள். விழித்ததும், நாளை நான் சண்டைபோடப் போவது மிருகங்களோடு அல்ல, பிசாசோடு என்று புரிந்துகொண்டதாக எழுதுகிறாள்.

அவள் வளர்ந்த ஊரில் எண்ணெய் பூசி, மண்ணில் இறங்கி, ஜெயிக்கிற உடம்பு ஆண் உடம்பு. கனவுக்கு வேறு உடம்பு கிடைக்கவில்லை. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். பாலைப் பற்றி எழுதியவளுக்குத் தான் பெண்ணாயிருப்பதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனிதான் என் உறுத்தல். அவள் எழுதியது அரங்கத்துக்கு முந்தின நாளோடு முடிகிறது. சாவை வேறொருவர் எழுதிச் சேர்த்தார். அந்தப் பகுதியில், மூர்க்கமான பசு முட்டித் தூக்கிப் போட்டதும் பெர்பெத்துவா முதலில் என்ன செய்கிறாள் தெரியுமா? கிழிந்த உடையை இழுத்துத் தொடையை மூடுகிறாள். வலியைவிட மானம் பெரிதாம். பிறகு ஊசி கேட்டு வாங்கிக் கூந்தலை முடிகிறாள். கடைசியில் கத்தி பிடித்தவன் புதியவன், கை நடுங்குகிறது. அவளே அந்தக் கையைத் தன் கழுத்துக்கு வழிகாட்டுகிறாள். தன் எழுத்தில் அவள் தாயாகவும் இருக்கிறாள், மல்லனாகவும் இருக்கிறாள். அடுத்தவர் எழுத்தில் முந்தானையைச் சரிசெய்கிற குலமகள் ஆகிவிட்டாள். அதோடும் விடவில்லை. அவளுடைய குறிப்பில் புருஷனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிற்காலத்தில் யாரோ கதையைச் சுருக்கி எழுதினபோது விசாரணைக் காட்சியில் புருஷனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கல்யாணமான பெண்ணுக்குப் பக்கத்தில் அந்த இடம் காலியாகக் கிடந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

அவளோடு செத்த அடிமைப்பெண் பெலிசித்தாவைப் பற்றி ஒரு வரியாவது சொல்லவேண்டும். எட்டாம் மாதத்திலேயே சிறையில் பிள்ளை பெற்றவள். வலியில் கத்தியபோது காவலாளி கேலி செய்தான்: ‘இதற்கே இப்படியா, மிருகங்களிடம் என்ன செய்வாய்?’ அவள் சொன்னாள்: ‘இப்போது படுகிற பாடு என்னுடையது. அங்கே எனக்குள் இருந்து எனக்காக வேறொருவர் பாடுபடுவார்.’ இதைச் சொல்ல அவளுக்கு ஆணாக வேண்டியிருக்கவில்லை.

சபைச் சரித்திரத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். யூசிபியஸ் போன்ற பெரியவர்கள் ஆணா பெண்ணா என்று பார்த்தா எழுதினார்கள்? ஆண்மை, பெண்மை என்று கிளறுவது மேல்நாட்டு இறக்குமதி. எழுபது வயதில் உங்களுக்கு இது தேவையா?
– ஒரு வாசகர், வேலூர்

எழுபத்திரண்டு, ஐயா.

யூசிபியஸ் பார்த்தாரா என்று அவரிடமே கேட்போம். நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்துப் புத்தகமாகச் சபைச் சரித்திரம் எழுதியவர். ஐந்தாம் புத்தகத்தின் முகப்பில், மற்றச் சரித்திரக்காரர்களோடு அவர் சண்டைக்கே போகிறார். அவர்கள் எழுதுவது என்ன? போர் வெற்றி, தளபதிகளின் சாகசம், நாட்டுக்காகவும் சொத்துக்காகவும் ரத்தத்தில் கை நனைத்த வீரர்களின் ஆண்மை. நான் எழுதப்போவது ஆத்துமாவின் சமாதானத்துக்காக நடந்த சமாதானமான யுத்தம். நாட்டுக்காக அல்ல, சத்தியத்துக்காக ஆண்மை காட்டியவர்களின் கதை என்கிறார். அவர் போட்டிருக்கிற வினைச்சொல், சாத்தான்குளத்து ஆச்சியின் அட்டையில் இருக்கிறதே, அதே குடும்பம்.

சரி, அப்படிப்பட்ட மாபெரும் முன்னுரை போட்டுவிட்டு உடனே யாரைக் கொண்டுவருகிறார்? 177இல், இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரத்துச் சபை எழுதின கடிதத்தை எடுத்துப் போடுகிறார். அதில் பேராயரே செத்துப்போகிறார், தொண்ணூறு கடந்த போத்தினுஸ். ஆனால் கடிதத்தின் நாயகி பிளாண்டினா என்ற அடிமைப்பெண். சின்ன உடம்பு, தாங்கமாட்டாள் என்று அவளுடைய எஜமானியே பயந்தாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மாறி மாறிச் சித்திரவதை செய்தவர்கள் கை ஓய்ந்து நின்றார்கள். கட்டையில் கட்டித் தொங்கவிட்டபோது, கூட இருந்தவர்கள் அவளில் சிலுவையில் அறையப்பட்டவரையே கண்டார்கள் என்கிறது கடிதம். கடைசியில் வலையில் சுற்றிக் காளைக்கு முன்னால் போட்டார்கள். எஜமானியும் அதே சிறையில்தான் இருந்தாள். அவளுடைய பெயர் கடிதத்தில் இல்லை. அடிமையின் பெயர் இருக்கிறது. ரோமாபுரிச் சரித்திரக்காரன் ஒருவன் இதை எழுதியிருந்தால் நிச்சயம் தலைகீழாகத்தான் எழுதியிருப்பான். இந்த இடத்தில் யூசிபியஸுக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

ஆனால் எந்தச் சொற்களில் அவளைப் புகழ்கிறார்கள்? மல்லன், போராட்டம், வெற்றி, கிரீடம். யுத்தம் வேண்டாம் என்று வாசலில் சொல்லிவிட்டு உள்ளே முழுக்க யுத்தச் சொற்கள். வேறு வழி இல்லாமல்தான். கிட்டத்தட்ட அதே வருஷங்களில் செல்சஸ் என்பவன் கிறிஸ்தவர்களைக் கிழித்து ஒரு புத்தகம் எழுதியிருந்தான். கம்பளி நெய்கிறவனும், செருப்புத் தைக்கிறவனும், துணி வெளுக்கிறவனும் வீட்டுக்குள் புகுந்து பிள்ளைகளையும் விவரமில்லாத பெண்களையும் பிடிக்கிற மதம் இது. உயிர்த்தெழுதலைக் கண்டதே ஒரு பித்துப்பிடித்த பெண் என்று ஏளனம் செய்தான். ‘பொம்பளை மதம்’ என்று ஊர் சிரிக்கும்போது எங்களவர் எவ்வளவு ஆண்மையுள்ளவர் பாருங்கள் என்று நிரூபிக்கிற அவசரம் எழுதுகிறவர்களுக்கு வந்தது. அந்த அவசரத்தில் சொந்தப் பெண்களுக்கும் மீசை வரைந்தார்கள். நான் கிளறுவது அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. சபையில் பொறுப்பிலிருந்தவர்களைப் பற்றி வெளியாள் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்த மிகப் பழைய செய்திகளில் ஒன்று பித்தினியா நாட்டு அதிகாரி பிளினி, ஏறக்குறைய 112இல், ரோமாபுரியை ஆண்ட டிராஜன் ராயருக்கு எழுதின கடிதம். உண்மையைக் கறக்க இரண்டு அடிமைப்பெண்களைச் சித்திரவதை செய்தேன் என்கிறான். அவர்களை அங்கே ‘ஊழியக்காரிகள்’ என்று அழைத்தார்களாம். பெயரைக் கேட்டு எழுதவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

‘இறக்குமதி’ என்றீர்கள். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி 31 வருஷம் பைபிள் உமனாக இருந்தாள். ஓலைக்குடையும் துணிப்பையுமாகத் தேரிக்காட்டு மணலில் நடந்து, திண்ணை திண்ணையாகப் பெண்பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள். எங்கள் ஊர்ச் சபை நூற்றாண்டு மலரில் உபதேசிமார் பட்டியல் இருக்கிறது. தாத்தாவின் பெயர், சேர்ந்த வருஷம், வாங்கின சம்பளம்கூட இருக்கிறது. ஆச்சிக்கு ஒரு வரி: ‘இவர் மனைவியும் ஊழியத்தில் ஒத்தாசையாயிருந்தார்.’ எந்த ஊர்க் கப்பலில் இறங்கின சரக்கு இது, நீங்களே சொல்லுங்கள்.

ரோமர் 16:7இல் வருகிற யூனியா ஆணா, பெண்ணா? எங்கள் வேதபாட வகுப்பில் சண்டையே வந்துவிட்டது.
– கல்லூரி மாணவி, மதுரை

பெண். அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்று அன்றோனீக்கையும் யூனியாவையும் பவுல் வாழ்த்துகிற வசனம் அது. நாலாம் நூற்றாண்டில் கிறிசோஸ்தோம் என்ற பிரசங்கியார், கிரேக்கத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர், ‘அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுதியாக எண்ணப்பட்ட இந்தப் பெண்ணின் ஞானம் எவ்வளவு பெரியது’ என்று வியந்து பிரசங்கித்தார். ரோமாபுரியில் யூனியா என்ற பெண்பெயர் 250 இடங்களுக்கு மேல் கிடைத்திருக்கிறது. ‘யூனியாஸ்’ என்ற ஆண்பெயர் பழங்காலக் கல்வெட்டு எதிலும் இல்லை.

பிறகு ஆண் எப்படி வந்தான்? கிரேக்கத்தில் அந்த இடத்தில் இரண்டு பெயருக்கும் எழுத்து ஒன்றே. அழுத்தக் குறிதான் வேறு. அப்போஸ்தலர் என்று இருக்கிறது, அப்படியானால் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்று சிலர் முடிவுகட்டினார்கள். உலகமெங்கும் மாணவர்கள் படிக்கிற ‘நெஸ்லே’ கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பில் 1927இல் குறியை ஆண்பாலுக்கு மாற்றினார்கள். 1998இல்தான் திரும்பப் பெண்பால் ஆக்கினார்கள். 71 வருஷம் ஒரு சின்னக் கோடு அவளுக்கு வேட்டி கட்டிவிட்டது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் ‘யூனியாவையும் வாழ்த்துங்கள்’ என்றுதான் இருக்கிறது. இரண்டு பேரையும் சேர்த்துப் பன்மையிலேயே அந்த வசனம் பேசிவிடுவதால், ஆணா பெண்ணா என்று அதில் தெரியாது.

ஓரிஜன் தன்னைத் தானே காயடித்துக்கொண்டார் என்பது உண்மையா?
– ஒரு வாசகர், கோவை

இந்தக் கேள்வி வராத வருஷமே கிடையாது, அதுவும் எப்போதும் ஆண்களிடமிருந்தே வரும்.

ஓரிஜன் மூன்றாம் நூற்றாண்டின் பெரிய வேத அறிஞர். இதைச் சொல்கிறவர் யூசிபியஸ், அதுவும் ஓரிஜனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர். அலெக்சாந்திரியாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்ததால் வீண்பேச்சுக்கு இடம் வேண்டாமென்று, பரலோகராஜ்யத்துக்காகத் தங்களை அண்ணகராக்கிக்கொண்டவர்கள் உண்டு என்கிற மத்தேயு 19:12ஐ எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டாராம். இளம் வயசுப் புத்தி, ஆனாலும் விசுவாசத்துக்கும் அடக்கத்துக்கும் அத்தாட்சி என்று இரண்டு பக்கமும் பேசுகிறார் யூசிபியஸ். வயதான பிறகு மத்தேயுவுக்கு விளக்கம் எழுதின ஓரிஜனோ, அந்த வசனத்தை அப்படி எடுத்துக்கொள்வதைக் கண்டிக்கிறார். பட்டு அறிந்த கண்டிப்பா, அல்லது கதையே பொய்யா என்று அறிஞர்கள் இன்னும் இழுபறி. நான் பொய் பக்கம் முக்கால், உண்மை பக்கம் கால்.

ஆனால் அப்படிச் செய்ய நினைத்தவர்கள் இருந்தார்கள். அதே அலெக்சாந்திரியாவில் ஒரு வாலிபன், மருத்துவரிடம் செய்துகொள்ள அனுமதி கேட்டு அதிகாரி பெலிக்ஸுக்கு மனுப்போட்டான், மனு தள்ளுபடியானது. இதை இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீனு என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் பெருமையாக எழுதுகிறார், எங்கள் மார்க்கத்தில் ஒழுக்கம் எப்படி பாருங்கள் என்று. பிள்ளை பெறுகிறவன், வாரிசு வைக்கிறவன்தான் ஆண் என்ற ஊரில் இது எவ்வளவு பெரிய அறைகூவல்! கடைசியில் சபைக்கே பயம் வந்துவிட்டது. 325இல் நிசேயாவில் கூடின பேராயர்கள் போட்ட முதல் சட்டமே, தன்னைத் தானே வெட்டிக்கொண்டவன் குருப்பட்டத்தில் இருக்கக்கூடாது என்பதுதான்.

என் மனசில் நிற்பது ஓரிஜனின் அம்மா. அப்பா லெயோனிதஸ் சிறையில். பதினேழு நிரம்பாத பையன் நானும் சாகிறேன் என்று புறப்பட்டான். கெஞ்சிப் பார்த்தாள், கேட்கவில்லை. அவன் துணி முழுவதையும் ஒளித்துவைத்துவிட்டாள். அம்மணமாய்த் தெருவில் போக முடியாமல் வீட்டில் கிடந்தான். அந்தத் தாயின் பெயரையும் யூசிபியஸ் எழுதவில்லை.

பவுல் கட்டுமஸ்தான ஆள் என்று எங்கள் வாலிபர் முகாமில் சொன்னார்கள். ஆதாரம் உண்டா?
– வாசகர், தூத்துக்குடி

இரண்டாம் நூற்றாண்டில் எழுதின ‘பவுல், தெக்லா நடபடிகள்’ தருகிற அடையாளம்: குள்ளம், வழுக்கை, வளைந்த கால், கூடின புருவம், சற்றே வளைந்த மூக்கு, முகத்தில் கிருபை. முகாமில் சொல்லிப் பாருங்கள்.

அந்தக் கதையில் தெக்லா என்ற பெண் ஆண்களைப்போல உடை தைத்துக்கொண்டு, தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு ஊழியத்துக்குப் போகிறாள். எழுதினவர் ரோமருடைய ஆசியா மாகாணத்து மூப்பர் ஒருவர். பவுல்மேல் உள்ள அன்பினால் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டார், பதவி போயிற்று என்கிறார் அந்தக் காலத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன். பெண்கள் ஞானஸ்நானம் கொடுக்க இந்தக் கதையை ஆதாரம் காட்டியதில்தான் தெர்த்துல்லியனுக்குக் கோபம்.

பெண்ணைப் பெண் என்றே சொல்லிப் புகழ்ந்தவர் அந்தக் காலத்தில் ஒருவர்கூட இல்லையா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

அருகில் வந்தவர் ஒருவர் உண்டு, நீசா ஊர்ப் பேராயர் கிரகோரியார். அக்கா மக்ரினா 379இல் இறந்த பிறகு அவளுடைய வாழ்க்கையை எழுதினார். தொடக்கத்திலேயே தடுமாறுகிறார்: பேச்சு ஒரு பெண்ணைப் பற்றி, பெண் என்றே சொல்லலாமா, பெண் இயல்புக்கு மேலே போனவளை அப்படி அழைப்பது தகுமா? அந்த இடத்தில் எனக்கு ஆயாசம் வரும். இவருமா!

ஆனால் போகப்போகத் தம்பி ஜெயித்துவிடுகிறார். பெரிய படிப்புப் படித்துவிட்டுத் தலைக்கனத்தோடு வந்த அண்ணன் பாசிலை அடக்கி வழிக்குக் கொண்டுவந்தது அக்காதான், வீட்டு அடிமைகளைச் சமமாக உட்காரவைத்து வீட்டையே மடமாக்கியது அக்காதான் என்று அடுக்குகிறார். துறவு மடங்களுக்குச் சட்டம் வகுத்த பெருமையெல்லாம் இன்றைக்குப் பாசிலுக்கு. அவர் எழுதி நமக்கு வந்த கடிதங்கள் முந்நூறுக்கு மேல். பாட்டி மக்ரினாவைச் சொல்கிறார், அக்கா மக்ரினாவின் பெயரை எடுக்கவில்லை.

கடைசிக் காட்சி. உடலுக்கு உடுத்துகிறார்கள். கூட இருந்த வெத்தியானா என்ற விதவை விளக்கைக் கிட்டே கொண்டுவந்து, மார்பில் ஒரு சின்னத் தழும்பைக் காட்டுகிறாள், ஊசி குத்தினது போல. சிறுவயதில் அங்கே கட்டி வந்தது. வைத்தியரிடம் காட்டு என்று தாய் மன்றாடியும் மக்ரினா மறுத்தாள். ராமுழுதும் ஜெபித்து, கண்ணீர் விழுந்த மண்ணைப் பூசிக்கொண்டு, ‘அம்மா, உன் கையால் ஒரு சிலுவை போடு’ என்றாள். கட்டி போயிற்று, தழும்பு நின்றது. தம்பிக்கு இது அன்றுவரை தெரியாது. முன்னுரையில் பெண் என்று சொல்லத் தயங்கியவர், விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தழும்பைப் பார்த்ததை மறைக்காமல் எழுதிவைத்துவிட்டார்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்க ஆண்டு விழாவில் பெர்பெத்துவா நாடகம் போடுகிறோம். கனவுக் காட்சியில் பெர்பெத்துவாவாக நடிக்கிற அக்காவுக்கு மீசை வரையவேண்டுமா, வேண்டாமா என்று இரண்டு கட்சி. மை டப்பா என் கையில் இருக்கிறது. சீக்கிரம் பதில் வேண்டும்.
– சங்கச் செயலாளர், நாசரேத்

வரையாதீர்கள். ஆணாகிவிட்டேன் என்று அவள் எழுதிய அடுத்த வரிகளைப் பாருங்கள். அரங்கத்தைவிட உயரமாக ஒருவர் வருகிறார், பொன் ஆப்பிள்கள் தொங்குகிற பச்சைக்கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு. போட்டி விதியைச் சொல்கிறார்: ‘இந்த எகிப்தியன் இவளை வென்றால் வாளால் கொல்வான், இவள் அவனை வென்றால் இந்தக் கிளையைப் பெறுவாள்.’ லத்தீனில் அந்த ‘இவள்’ தெளிவாகப் பெண்பால். ஜெயித்து, கிளையை வாங்கப் போகிறாள். அவர் முத்தமிட்டு, ‘மகளே, உனக்குச் சமாதானம்’ என்கிறார்.

கிளைக்கு வேப்பங்கொப்பு போதும். ஆப்பிளுக்குத் தேர்க்கடையில் விற்கிற பிளாஸ்டிக் உருண்டைக்குத் தங்கப் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். ‘மகளே’ என்று சொல்கிற பாத்திரத்துக்கு நல்ல குரல் உள்ள ஆளாகப் பாருங்கள். அன்றைக்கு நான் முன்வரிசையில் இருப்பேன், எனக்கு இப்போது வலது காது மந்தம்.